நம் தொகுதிப் பழைய தெபித்தேயின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

தைப்பூசம் முடிந்து கோவில் மலர் வேலை தொடங்கும் நாட்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: “எங்கள் தொகுதியின் தெபித்தே, அதாவது பாராளுமன்ற உறுப்பினராக, ரொம்ப காலம் இருந்தவர், வயதாகிவிட்டது, அவரைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று சங்கத்தில் பேசுகிறோம், எங்கே தொடங்குவது?” மொரீஷியஸில் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறோம், அதனால் இந்தக் கேள்வி வரும்போது மனசு நிறைகிறது, கூடவே ஒரு பயமும் வருகிறது, ஏனென்றால் இப்படி வரும் புத்தகங்களில் பாதி, மாலை போட்ட படமும் பதவிகளின் பட்டியலுமாக முடிந்துவிடுகின்றன. நான் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். பிளேன் வில்லெம்ஸ் மாவட்டத்து மனிதர், மந்திரி நாற்காலியில் இருந்த காலம் குறைவு, பின்வரிசையில் இருந்த காலம் அதிகம், இப்போது உயிரோடு இல்லை. சங்கத்துக்குள் மட்டும் சுற்றிய அறுபது பக்க நூல் அது, அவர் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு வருடச் சனி ஞாயிறுகள் அதில் போயின. அதில் கற்றதைத்தான் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவரின் வாழ்க்கை இரண்டு இடங்களில் கிடைக்கிறது: அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்களிடம், அப்புறம் அவர் தோற்றுப்போன வருடங்களில். பதவியேற்புப் படங்களை எல்லாரும் வைத்திருக்கிறார்கள், அதற்கு உங்கள் உழைப்பு தேவையில்லை.

வருடங்களை முதலில் சரி பண்ணுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்துப் பொதுத்தேர்தல் வருடங்களை மேலிருந்து கீழே எழுதுங்கள்: 1948, 1953, 1959, 1963, 1967, 1976, 1982, 1983, 1987, 1991, 1995, 2000, 2005, 2010, 2014, 2019, 2024. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தொகுதி, எந்தக் கட்சி, அதன் சின்னம் சாவியா இதயமா சூரியனா சேவலா, வென்றாரா, தோற்றாரா, நிற்கவே இல்லையா என்று குறியுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இந்தத் தாளைப் போடாமல் “ஆறு முறை வென்றவர், முப்பது ஆண்டு சேவை” என்று எழுதினால் நிச்சயம் தப்பாகும், ஏனென்றால் நம் நாட்டில் ஒரு சபைக்கும் அடுத்த சபைக்கும் நடுவே ஐந்து வருடம் என்ற கணக்கு பல தடவை ஓடவில்லை. 1967 ஆகஸ்டில் வென்றவர் 1976 டிசம்பர் வரை இன்னொரு பொதுத்தேர்தலைப் பார்க்கவே இல்லை, 1972-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போடப்பட்டது, ஆக ஒரே ஒரு வெற்றிக்கு ஒன்பது வருடம். அதற்கு நேர்மாறாக 1982 ஜூனில் வென்றவர் பதினான்கே மாதத்தில், 1983 ஆகஸ்டில், மறுபடி மக்கள் முன்னால் நின்றார். இரண்டு பேருக்கும் “ஒரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்” என்று ஒரே வரியைப் போட்டால் அது உண்மையாகுமா, சொல்லுங்கள்.

சபையின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சட்டக் கவுன்சில், 1964 முதல் சட்டமன்றம், 1992 மார்ச் 12-இல் குடியரசானபோது தேசிய சபை. 1959-லும் 1963-லும் ஒரு தொகுதிக்கு ஒருவர் என நாற்பது தொகுதிகள். 1967 முதல்தான் இப்போதைய முறை: தீவில் இருபது தொகுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், ரொட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு பேர், ஆக 62, அதற்கு மேல் ‘பெஸ்ட் லூசர்’ முறையில், அதாவது தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கியவர்களுக்குச் சமூகக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில், எட்டு இடம் வரை. 1963-இல் ஒருவர் நின்ற தொகுதியின் பெயர் இன்றைய பெயரைப் போலவே ஒலிக்கலாம், எல்லை வேறு. இதைக் கவனிக்காமல் “அதே மக்கள் அவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்” என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் ஆள் பழைய தலைமுறை என்றால், அல்லது அவருடைய அப்பா அரசியலில் இருந்தவர் என்றால், 1948-இல் கொஞ்சம் நில்லுங்கள். அதற்கு முன் சொத்து இருந்தவர்களுக்கே ஓட்டு, பதினோராயிரம் பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். புது விதிப்படி எளிய வாக்கியங்களைப் படித்து எழுதத் தெரிந்தால் போதும், ஓட்டு கிடைக்கும், அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. வாக்காளர் எண்ணிக்கை ஆறு மடங்குக்கு மேல் போய் எழுபதாயிரத்தைத் தாண்டியது. தீவு முழுக்க மாலை நேரங்களில் லாந்தர் வெளிச்சத்தில் பெரியவர்கள் எழுத்துப் பழகினார்கள், சமூகத் தலைவர் பாஸ்தியோ பிசுந்தயாலின் தொண்டர்கள் இந்தி சொல்லிக் கொடுத்தார்கள், கோவில் வாசல்களில் தமிழ் நடந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தாத்தா ‘நான் கோவிலுக்குப் போகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை ஒரு மாதம் எழுதிப் பழகினார் என்று வீட்டில் சொல்வார்கள். ஓட்டுக்காகத் தமிழ் எழுதக் கற்ற தலைமுறையின் பிள்ளைகள்தான் பிறகு தெபித்தே ஆனார்கள், அதை எழுத ஒரு பக்கம் ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டீர்கள்.

ஹன்சார்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

சபையில் பேசியது எல்லாம் ஹன்சார்டில் அச்சாகிறது. ஆங்கிலம்தான் சபையின் மொழி, பிரெஞ்சிலும் பேசலாம், அதனால் ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வரும். அண்மைக் காலத்தவை சபையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன, 2017 முதல் நேரலை ஒளிபரப்பும் உண்டு. பழையவற்றுக்கும் பழைய செய்தித்தாள்களுக்கும் போர்ட் லூயியின் தேசிய நூலகத்துக்கோ கொரமண்டல் பக்கம் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ போக வேண்டும். (நம் முன்னோர் கப்பலேறிய கரையின் பெயரே அந்த ஊருக்கு இருப்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு உறைக்கும்.) போவதற்கு முன் போன் பண்ணிக் கேளுங்கள், எந்தத் தொகுப்பு எடுத்துத் தரும் நிலையில் இருக்கிறது என்று, இல்லாவிட்டால் ஒரு நாள் லீவு வீணாகும்.

புரட்டும்போது முதலில் கண்ணில் படுவது, உறுப்பினரின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்டான்லி–ரோஸ் ஹில் மூன்றாம் உறுப்பினர்’ என்பது போல ஒரு குறிப்பு. நான் முதலில் இதை ஏதோ மரியாதைப் பட்டம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அது அந்தத் தேர்தலில் வென்ற மூவரில் ஓட்டு எண்ணிக்கைப்படி அவர் பிடித்த இடம். ஒருவர் ஒரு சபையில் முதலாம் உறுப்பினராக இருந்து அடுத்ததில் மூன்றாம் உறுப்பினராக இறங்கியிருந்தால், ஊரில் என்னவோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு போங்கள், ஒரு அத்தியாயமே அங்கே இருக்கும்.

அடுத்து கேள்விகள். B என்று தொடங்கும் எண் இருந்தால் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, A என்றால் எழுத்தில் பதில். ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் என்ன கேட்டார், எதிர்க்கட்சியில் இருந்தபோது அதே மனிதர் என்ன கேட்டார் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றி எதிர்க்கட்சியில் இருந்தபோது மட்டும் கேட்டவரும் உண்டு, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கேட்டவரும் உண்டு. நான் எழுதிய மனிதர் இரண்டாவது வகை, அதை நான் சொல்லிப் புகழ வேண்டியிருக்கவில்லை, கேள்விகளைத் தேதியோடு வரிசையாகப் போட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் பொக்கிஷம் இருப்பது ஒவ்வொரு நாள் பதிவின் கடைசிப் பக்கங்களில். சபை கலையும் நேரத்தில், மந்திரிகள் கோப்புகளை மூடிக்கொண்டிருக்கும்போது, உறுப்பினர்கள் எழுந்து ஊர்க் குறைகளைச் சொல்வார்கள்: அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, வராத பஸ். பத்திரிகைகள் இதை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஊரில் ஒரு ஓடையைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஒரு நடைபாலம் இருக்கிறது, அதன் கல்லில் திறந்து வைத்த மந்திரியின் பெயர் செதுக்கியிருக்கிறது. ஹன்சார்டைப் புரட்டியபோது அந்தப் பாலத்தை நம் ஆள் ஆறு வருடத்தில் நான்கு தடவை அந்தக் கடைசி நேரத்தில் எழுப்பியிருப்பது தெரிந்தது. மூன்றாவது தடவை அவர் பேசியது மூன்றே வரி: மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள், போன வாரம் ஒரு பிள்ளையின் பை ஆற்றோடு போயிற்று, மந்திரி ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா. ‘பார்க்கிறேன்’ என்று ஒற்றை வரிப் பதில். கல்லில் திறந்தவர் பெயர்தான் இருக்கும், கேட்டவர் பெயர் இந்தப் பக்கங்களில்தான் கிடக்கிறது, அதனால் தூங்கி வழிந்தாலும் இவற்றைத் தாண்டாதீர்கள்.

அவர் பாராளுமன்றத் தனிச் செயலாளராக, அதாவது பிபிஎஸ் ஆக, இருந்திருந்தால் அதையும் தேடுங்கள். மந்திரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் தொகுதியில் ரோடும் வாய்க்காலும் தேசிய வளர்ச்சிப் பிரிவு வழியாக அவர் கையில்தான் நகர்ந்தன. பல வருடம் சபையில் இருந்த எத்தனையோ பேரின் உண்மையான வேலை இதுதான்.

தோற்ற வருடங்கள்

என் முதல் வரைவில் தோல்விகளை இரண்டு வரியில் தாண்டியிருந்தேன், மரியாதைக்காக. அவருடைய மனைவியிடம் வரைவைக் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பதினோரு நோட்டுப் புத்தகம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவர்களின் பெயர், எந்தத் தெரு, என்ன வேண்டும், எந்த அலுவலகத்துக்கு எழுதினார், பதில் வந்ததா. வேலை முடிந்ததற்கு ஒரு சின்னக் கோடு, முடியாததற்கு வட்டம். சில சனிக்கிழமை நாற்பது பேர். 1982 ஜூனுக்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் தேதி மட்டும் எழுதியிருந்தது, கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ஆனால் தேதி எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகு அந்த வரைவை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

நம் நாட்டில் தோல்வி என்பது பல நேரம் அலையோடு வருவது, தனி மனிதர் தடுத்து நிறுத்த முடியாது. தீவின் அறுபது இடமும் ஒரே அணிக்குப் போனது மூன்று தடவை: 1982, 1995, 2024. அந்த வருடங்களில் மறுபக்கத்தில் நின்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீட்டுக்குத்தான் போனார். சர் வீராசாமி ரிங்கடுவை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்கு முன்பே தொழிலாளர், கல்வி இலாகாக்களைப் பார்த்தவர், 1968 முதல் 1982 வரை நிதி மந்திரி, சர்க்கரை விலை உச்சத்தில் இருந்த எழுபதுகளின் நடுப்பகுதியையும் பார்த்தார், 1979-லும் 1981-லும் ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்ததையும் பார்த்தார், 1982-இல் அவர் கட்சி தீவில் ஒரு இடம்கூட நேரடியாகப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் 1986-இல் கவர்னர் ஜெனரல், 1992-இல் சில மாதங்கள் நாட்டின் முதல் ஜனாதிபதி. நம் ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது ‘முதல் ஜனாதிபதி தமிழர்’ என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தச் சில மாதங்களைவிடப் பதினான்கு வருட பட்ஜெட்டும் 1982-இன் அந்த இரவும்தான் அவரைப் புரியவைக்கும் என்பது என் எண்ணம்.

பெரிய தலைகளின் வாழ்க்கையும் இப்படித்தான் வெட்டி வெட்டிப் போகிறது. சர் அனிருத் ஜக்நாத் 1963-இல் முதலில் வென்றார், 1967-இல் நிற்கவே இல்லை, 1976-இல் திரும்பினார், 1982-இல் பிரதமர், 1995-இல் தோல்வி, 2000-இல் மறுபடி பிரதமர், பிறகு ஜனாதிபதி, அப்புறம் 2014-இல் எண்பத்து நான்கு வயதில் மீண்டும் பிரதமர். போல் பெராஞ்சே 1983-இல் நேரடியாகத் தோற்று ‘பெஸ்ட் லூசர்’ ஆக உள்ளே வந்தார், 1987-இல் அதுவும் இல்லை, 2003-இல் பிரதமர். இடைவெளிகளை மறைத்தால் இந்த மனிதர்களின் பிடிவாதமே தெரியாமல் போகும்.

அதனால் குடும்பத்திடம் நேராகக் கேளுங்கள்: தோற்ற மறுநாள் காலையில் என்ன செய்தார், கார் யாருடையது, போன் அடித்ததா, வருமானத்துக்கு என்ன வழி, வக்கீல் தொழிலுக்குத் திரும்பினாரா, பள்ளிக்கூடத்துக்கா. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலப் பதில் சொல்வார்கள்.

‘நம்ம ஆள்’ என்று எழுதும்போது

இது நமக்குள் பேச வேண்டிய விஷயம். சங்கம் போடும் புத்தகம் என்பதால் அவரைத் ‘தமிழர்களின் பிரதிநிதி’ என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாக்காளருக்கு மூன்று ஓட்டு, தமிழர் மட்டும் போட்டு ஜெயித்த தொகுதி இந்த நாட்டில் எதுவும் இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் கிரியோல் மீனவரும் முஸ்லிம் கடைக்காரரும் போஜ்புரி பேசும் பாட்டியும் இருந்தார்கள், அந்த நோட்டுப் புத்தகப் பெயர்களே அதற்குச் சாட்சி. அரசியலமைப்பிலும் நமக்கென்று தனிக் கட்டம் கிடையாது: ‘பெஸ்ட் லூசர்’ கணக்கில் இந்து, முஸ்லிம், சீன–மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’ என்று நான்கே பிரிவு, தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் இந்துப் பிரிவுக்குள், அதுவும் 1972 கணக்கெடுப்பின் எண்களை வைத்து. அந்த முறை சரியா தப்பா என்பதில் உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று தேடி எழுதுங்கள்.

அதே சமயம் தமிழுக்காக நிற்க வேண்டிய நேரங்கள் வந்தன, அப்போது அவர் என்ன செய்தார் என்பதை விடக் கூடாது. எனக்குத் தெரிந்து இரண்டு நாட்களை அவசியம் பார்க்க வேண்டும். ஒன்று, 1995-இன் கடைசி: ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வின் தரவரிசையில் கீழை மொழிகளையும் சேர்க்க அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சி, தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வருமா வராதா என்ற கேள்வி. திருத்தம் தேவையான பெரும்பான்மை இல்லாமல் விழுந்தது, சபை கலைக்கப்பட்டது, தேர்தலில் அரசும் விழுந்தது. அன்றைக்கு அவர் எழுந்து பேசினாரா, எப்படி ஓட்டுப் போட்டார்? இரண்டு, 1998-இன் கடைசியில் வந்த புது ரூபாய்த் தாள்கள்: பழைய தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் எழுத்து தேவநாகரிக்குக் கீழே போயிருந்தது. தெருவில் இறங்கினோம், தாள்கள் திரும்பப் பெறப்பட்டு 1999-இல் வரிசை சரி செய்த புதிய தாள் வந்தது. அப்போது கோவில் கூட்டத்தில் ஒரு மாதிரியும் சபையில் வேறு மாதிரியும் பேசியிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வாயே திறக்காமல் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். என் ஆள் முதல் இரண்டு வாரம் பேசவில்லை, மூன்றாவது வாரம் பேசினார். நான் அப்படியே போட்டேன், சங்கத்தில் இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள், குடும்பத்தில் யாரும் வருத்தப்படவில்லை.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். 100 ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன், 500-இல் சுக்தியோ பிசுந்தயால், 1000-இல் கேத்தான் துவால், 2000-இல் சிவசாகர் ராம்குலாம், எல்லாரும் இந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள். சீனிவாசன் 1958-இல், சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்பே காலமானார், அவர் முகத்தைத் தினமும் கையில் வாங்கும் பிள்ளைகளுக்கு அவர் யார் என்று தமிழில் படிக்க எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

பேட்டி, மொழி, பெயர்கள்

பேட்டிகள் எல்லாம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடக்கும், ஹன்சார்ட் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், நீங்கள் எழுதப் போவது தமிழில். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது: தொகுதி மக்கள் எல்லாரும் மதுரை மேடைப் பேச்சாளர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊரில் புழங்கும் சொல்லை அப்படியே வையுங்கள். தெபித்தே தெபித்தேயாகவே இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் ஆட்கள் கூடும் இடத்துக்கு பாஸ் என்றுதான் பெயர், தெருத்தெருவாக வேலை செய்பவர் அஜான், தொகுதியைப் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை, எண்தான்: ‘நிமெரோ எட்டு’, ‘நிமெரோ பதினெட்டு’. கட்சி மாறியவரைத் திரான்ஸ்ஃபியூஜ் என்பார்கள், உங்கள் ஆள் ஒரு தடவை மாறியிருந்தால் அந்தச் சொல்லை ஒளிக்காமல் எழுதி, ஏன் மாறினார் என்று அவர் அன்றைக்குச் சொன்ன காரணத்தையும் கூடவே வையுங்கள். முதல் இடத்தில் ஒரு சொல்லை அரை வரியில் விளக்கினால் போதும், தமிழ்நாட்டில் இருந்து படிப்பவருக்கும் பிடிபடும்.

யாரைப் பார்க்க வேண்டும்? கட்சித் தலைவர்களைக் கடைசியில் பாருங்கள், அவர்கள் மேடையில் சொன்னதையே சொல்வார்கள். முதலில் அவருடைய டிரைவர், அப்புறம் பாஸில் டீ போட்டவர், அதே தொகுதியில் எதிர்த்து நின்றவர். எதிர்த்து நின்றவரைப் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல பக்கங்களில் மூன்று, அவரிடம் இரண்டு தடவை தோற்ற ஒருவர் தன் கடை வாசலில் தால்பூரியைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னவை. போகும்போது ஒரு பழைய படம் எடுத்துப் போங்கள், ஒரு தேர்தல் கூட்டப் படம் போதும், “இது யார், இது யார்” என்று விரல் வைக்க ஆரம்பித்தால் பேச்சு தானாக வரும்.

பெயர் எழுத்துதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பதிவுப் புத்தகத்தில் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதிய நம் பெயர்கள் எப்படியெல்லாமோ உருமாறிக் கிடக்கின்றன. சீனிவாசன், ஆறுமுகம், சுப்பிரமணியன், சின்னத்தம்பி, குப்பன் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும், வாயால் சத்தமாக உச்சரித்துப் பார்த்தால் வெளியே வரும். ஆனால் நீங்களாகத் ‘திருத்தி’ விடாதீர்கள். குடும்பம் இன்றைக்கு எப்படிச் சொல்கிறதோ அந்த ஒலியைத் தமிழில் எழுதி, மூலப் பெயர் உறுதியாகத் தெரிந்தால் ஒரே ஒரு தடவை பக்கத்தில் சொல்லுங்கள்.

வழக்கு, சொத்து, குடும்பச் சண்டை பற்றிய பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். நீதிமன்றத் தீர்ப்பாகவோ சபைப் பதிவாகவோ இருப்பதை எழுதுங்கள், திண்ணைப் பேச்சை விட்டுவிடுங்கள். திண்ணையில் மனுக் கொடுத்தவர்களின் பெயர்களையும் அச்சில் போடாதீர்கள், ஒருவர் வீட்டுக் கஷ்டத்தை நம்பிச் சொன்ன இடம் அது, ‘விதவைப் பென்ஷன் கேட்டு வந்த ஒரு தாய்’ என்றால் போதும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் முழுவதையும் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுங்கள், தமிழ் எழுத்துப் படிக்க முடியாத பிள்ளைகளும் பேரன்களும் இருப்பார்கள், அவர்களுக்குக் கிரியோலில் சொல்லிச் சொல்லி. எங்களுக்கு அது இரண்டு மாலை ஆயிற்று. அவர் மனைவி குறுக்கே பேசவே இல்லை, 1982 அத்தியாயத்தில் ‘அந்தச் சனிக்கிழமைகளில் யாரும் வரவில்லை’ என்ற வரி வந்தபோது மட்டும் கையைத் தூக்கினார். “இரண்டு பேர் வந்தார்கள் தம்பி. கேட்க ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கேட்டு வந்தவர்களை மட்டும்தான் அவர் நோட்டில் எழுதுவார்.” அந்த வரியை மாற்றித்தான் அச்சிட்டோம்.